இறங்கியதாக எண்ணப்பட்டவள்

ஆறாம் தடப் படகின் தலையெண்ணிக்கு மனைவியாக வாய்த்தவள் கரையில் கால் வைக்க முடியாமல் போனது ஒரு செவ்வாய்க்கிழமை, காலை எட்டு இருபதுக்கு. அன்று வெங்காயம் முந்தின வாரத்தைவிடக் கொஞ்சம் மலிவு, காற்று தென்மேற்கிலிருந்து, படகு இரண்டு நிமிடம் தாமதம். நூற்று நாற்பத்திரண்டு பேர் வழக்கம்போல இறங்கி, காலில் வெந்நீரை ஊற்றிக்கொண்டவர்கள் மாதிரி அவரவர் வேலைக்கு ஓடினார்கள். நூற்று நாற்பத்து மூன்றாவதாக அவள் காலைத் தூக்கித் துறையின் பலகைமேல் வைத்தாள். வைத்த கால் படகின் தளத்தில்தான் இருந்தது. சரியாக வைக்கவில்லை போலிருக்கிறது என்று மறுபடி வைத்தாள். மறுபடியும் படகிலேயே நின்றாள். குனிந்து தன் செருப்பைப் பார்த்தாள், பிறகு புருஷனைப் பார்த்தாள். "என்னங்க இது, இறங்க வரமாட்டேங்குது" என்றாள், டப்பா மூடி திறக்க வரவில்லை என்று சொல்கிற குரலில்.

இந்த நகரத்தை ஆறு இரண்டாகப் பிளந்துகொண்டு போகிறது. வீடுகள் எல்லாம் ஒரு கரையில், வேலைகள் எல்லாம் மறு கரையில் என்று யாரோ கோபத்தில் பாகம் பிரித்ததுபோல் அமைந்துவிட்ட ஊர். அதனால் பேருந்துக்கு இருக்கிற மாதச் சீட்டே படகுக்கும் செல்லும்; பேருந்தில் செய்கிற அத்தனை அழிச்சாட்டியத்தையும் மக்கள் படகிலும் செய்வார்கள். முண்டியடிப்பார்கள், கைக்குட்டையைப் போட்டு இடம் பிடிப்பார்கள், பக்கத்தில் இருப்பவர் தோளில் தூங்கி வழிவார்கள். நாற்பது வருடத்துக்கு முன்னால் ஒரு படகு நடு ஆற்றில் கவிழ்ந்தது. அதில் எத்தனை பேர் இருந்தார்கள் என்று ஒருவருக்கும் தெரியவில்லை. பதினோரு நாள் தேடினார்கள். யாரைத் தேடுகிறோம், எப்போது நிறுத்தலாம் என்று தெரியாமல் தேடினார்கள். பன்னிரண்டாம் நாள் சோர்ந்துபோய் நிறுத்தினார்கள். அதற்குப் பிறகு வந்ததுதான் தலையெண்ணும் முறை.

அந்தப் பதவிக்கு அரசாங்கம் வைத்த பெயர் பயணிகள் சரிபார்ப்பாளர். படகில் யாரும் அப்படிச் சொன்னதில்லை, தலையெண்ணி என்றுதான் சொல்வார்கள். இடது கையில் ஏறுகிறவர்களுக்கு ஒரு கிளிக்கர், வலது கையில் இறங்குகிறவர்களுக்கு ஒரு கிளிக்கர். கட்டைவிரலால் ஓர் அழுத்து, ஒரு தலை. இரண்டு எண்ணும் ஒத்துப்போனால் தலையெண்ணி சுக்கான்காரரைப் பார்த்து "சரி" என்று குரல் கொடுப்பார். அந்தக் குரல் வராமல் அடுத்த நடைக்கு ஆள் ஏற்ற முடியாது. குரல் கொடுத்தபின் இரண்டு கிளிக்கரையும் பூஜ்யத்துக்குக் கொண்டுவரலாம், ஆனால் இடையில் ஒன்றைக் குறைக்க வழியே கிடையாது. யாரும் இஷ்டத்துக்குத் திருத்திவிடக் கூடாது என்று வேண்டுமென்றே அப்படிச் செய்திருந்தார்கள். சுக்கான்காரர், கயிறு கட்டுகிறவர், தலையெண்ணி என்று படகில் வேலை செய்கிற சிப்பந்திகள் மட்டும் எண்ணிக்கையில் சேரமாட்டார்கள். இந்த நகரத்தில் வானிலை அறிக்கையை நம்பியவர் எவரும் இல்லை, செய்தித்தாளை நம்புகிறவர் பாதிப் பேர். தலையெண்ணியின் எண்ணை எல்லோரும் நம்பினார்கள்.

நம் தலையெண்ணி இருபது வருடமாக ஓர் எண் பிசகாதவர். ஏறுகிறவர் முகத்தைப் பார்ப்பார், இறங்குகிறவர் முகத்தைப் பார்ப்பார், பார்த்துத்தான் விரலை அழுத்துவார். அதற்கு ஒரே விதிவிலக்கு அவருடைய மனைவி. மறு கரையில் ஆயத்த ஆடைக் கூடத்தில் அவளுக்குப் பொத்தான் துளை போடும் எந்திரத்தில் வேலை. தினமும் பின்னாலிருந்து மூன்றாவது வரிசையில் ஜன்னலோரம் உட்காருவாள், எல்லோரையும் முன்னால் போகவிட்டுக் கடைசியாக எழுந்திருப்பாள். பையின் ஜிப்பை இழுத்து மூடுவாள், வாசல் கம்பியை ஒருமுறை தொடுவாள், பிறகு வாசலின் இரும்பு நிலைப்படியில் அவள் செருப்பு ஒரு சத்தம் போடும். அந்தச் சத்தம் கேட்டதும் தலையெண்ணி திரும்பிப் பார்க்காமலே விரலை அழுத்திவிடுவார்; கண் அப்போது கரையில் நிற்கிற அடுத்த வரிசைமேல் இருக்கும். அவளுக்கு இது நன்றாகத் தெரியும். "ஊர்ல இருக்கிற எல்லார் மூஞ்சியையும் பார்த்து எண்றீங்க. கட்டின பொண்டாட்டிய மட்டும் பார்க்காமலே எண்றீங்க" என்பாள். "உன்னைப் பார்த்துத்தான் எனக்குத் தெரியணுமா?" என்பார் அவர். அவளுக்கு அந்தப் பதில் பிடித்துத்தான் இருந்தது, பிடிக்காதமாதிரி முகத்தை வைத்துக்கொள்வாள்.

அந்தச் செவ்வாய்க்கிழமை அவள் ஜிப்பை மூடினாள், கம்பியைத் தொட்டாள், நிலையில் செருப்புச் சத்தம் கேட்டது. அவர் விரல் அழுத்திவிட்டது. அப்போதுதான் அவளுக்குக் குடையை இருக்கையிலேயே விட்டுவிட்டது ஞாபகம் வந்து, வைத்த காலை எடுத்துத் திரும்பிப் போனாள். இவர் எண்களைப் பார்த்தார். இடது கை நூற்று நாற்பத்து மூன்று, வலது கை நூற்று நாற்பத்து மூன்று. "சரி" என்று குரல் கொடுத்தார். குடையை எடுத்துக்கொண்டு அவள் வாசலுக்கு வந்து சேர்வதற்குள், எண்ணிக்கையின்படி அவள் இறங்கிப் போயிருந்தாள். ஏற்கெனவே இறங்கிவிட்டவள் இன்னொரு தரம் எப்படி இறங்குவது? அவ்வளவுதான் நடந்தது. இதற்கு மேல் இதில் சூட்சுமம் எதுவும் இல்லை, தேடினவர்கள் எல்லாம் தேடிப் பார்த்துவிட்டார்கள்.

அன்று ஆளாளுக்கு ஒரு வைத்தியம் சொன்னார்கள். பின்பக்கமாக நடந்து இறங்கச் சொன்னார்கள், கண்ணை மூடிக்கொண்டு குதிக்கச் சொன்னார்கள், செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். தலையெண்ணி அவளை இரண்டு கையாலும் தூக்கிக்கொண்டு துறையில் கால் வைத்தார். துறைக்கு அவர் மட்டும்தான் வந்து சேர்ந்தார், தூக்கின கைகள் தூக்கினபடியே இருந்தன, அவள் பின்னால் படகில் குடையோடு நின்றாள். தீயணைப்புக்காரர்கள் வந்து இடுப்பில் கயிறு கட்டி இழுத்தார்கள், கயிறு வந்தது. படகுப் பொறியாளர் அளவுநாடாவைப் போட்டுப் படகுக்கும் துறைக்கும் நடுவில் பதினான்கு சென்டிமீட்டர் என்று கண்டுபிடித்தார். "இதத் தாண்ட முடியலையாம்மா?" என்று அவளைக் கேட்டார். அவள் காலைத் தூக்கி வைத்துக் காட்டினாள். அவர் நாடாவைச் சுருட்டிப் பையில் போட்டுக்கொண்டார். கரையில் இரண்டு நடைக்கான கூட்டம் சேர்ந்துவிட்டது, அலுவலகத்துக்கு நேரமாகிறது என்று முணுமுணுப்பு எழுந்தது. "சரி" வேறு சொல்லியாகிவிட்டது. நாற்பது நிமிடத்துக்குப் பிறகு படகு கிளம்பியது, அவள் மூன்றாவது வரிசை ஜன்னலோரம் போய் உட்கார்ந்துகொண்டாள்.

அவர்களுக்கு ஒன்பது வயதில் ஒரு மகள். சாயங்காலம் பள்ளிக்கூடத்து வாசலில் அம்மாவுக்குப் பதில் அப்பா நிற்பதைப் பார்த்ததும் அவள் கேட்ட முதல் கேள்வி, "அம்மாவுக்கு உடம்பு சரியில்லையா?" என்பது. நன்றாக இருக்கிறாள், படகில் இருக்கிறாள் என்றார். "எப்ப வருவாங்க?" என்றாள். இருபது வருடம் வாயில் எண்ணாகவே வந்துகொண்டிருந்த மனிதருக்கு அந்தக் கேள்விக்குச் சொல்ல ஓர் எண் இல்லை. நாளைக்கு என்று சொல்லிவைத்தார். அதற்கப்புறம் எந்த நாளைப் பற்றியும் அவர் அவ்வளவு உறுதியாகச் சொன்னதில்லை.

நீர்ப்போக்குவரத்து அலுவலகத்துக்கு அவர் நடந்த நடையை ஆற்றில் நடந்திருந்தால் பாலமே தேவைப்பட்டிருக்காது. அங்கிருந்த அதிகாரி கெட்டவர் இல்லை, அதுதான் பெரிய தொந்தரவு. உட்காரச் சொன்னார், தேநீர் வரவழைத்தார், பதிவை எடுத்து இரண்டு தரம் படித்தார். "ஏறினது நூத்தி நாப்பத்தி மூணு, இறங்கினது நூத்தி நாப்பத்தி மூணு. படகுல யாருமே இல்லையேங்க. இல்லாத ஆள எப்படி இறக்கறது?" என்றார். "சார், நான் தப்பா எண்ணிட்டேன்னு எழுதித் தர்றேன்." "தாராளமா எழுதுங்க. ஆனா ரெண்டு எண்ணும் ஒத்துப்போகுதே, தப்பு எங்கன்னு நான் காட்டுவேன்?" தலையெண்ணி எழுதிக் கொடுத்தார். கிணற்றில் போட்ட கல்லாகப் பதினான்கு மாதம் கிடந்துவிட்டுப் பதில் வந்தது: முரண்பாடு ஏதும் காணப்படவில்லை. யாரும் இல்லாத இடத்தில் அவள் இருந்ததால் அவளிடம் சீட்டுக் கேட்கவும் முடியவில்லை, படகில் நூற்றைம்பது பேருக்கு மேல் ஏறக் கூடாது என்ற விதியிலும் அவள் வரவில்லை. அந்த ஒரு சலுகை மட்டும் கிடைத்தது.

பதில் வந்த வாரம் அவர் ஒரு காரியம் செய்தார். காலை முதல் நடையில் நூற்றுப் பத்தொன்பது பேர் ஏறினார்கள். அவர் இடது கையில் நூற்றிருபது அழுத்தினார். மறு கரையில் நூற்றுப் பத்தொன்பது பேர் இறங்கியதும், மீதி இருக்கிற ஓர் எண்ணை மனைவிக்காக வைத்துக்கொண்டு, "இப்ப வா" என்றார். முகத்தைப் பார்த்தபடியே சொன்னார். அவள் கால் வைத்தாள், அது படகில்தான் விழுந்தது. கரையிலிருந்து ஏறாத ஆளுக்கு ஏறியதாக எண்ணினால் ஆகுமா? ஒன்றும் ஆகவில்லை, ஆனால் இப்போது ஓர் எண் உதைத்தது. எண் உதைத்தால் ஒரு பயணி தண்ணீரில் விழுந்துவிட்டார் என்று பொருள். சங்கு ஊதியது, ஒன்பது தடங்களும் நின்றன, முக்குளிப்பவர்கள் வந்து நாலு மணி நேரம் ஆற்றைத் துழாவினார்கள். தேடப்பட்டவள் ஜன்னலோரம் உட்கார்ந்து தேடுகிறவர்களைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பாவம், குளிர்ல நடுங்கறாங்க. இனிமே இந்த மாதிரி பண்ணாதீங்க" என்றாள். அவரை ஒரு மாதம் வேலையிலிருந்து நிறுத்திவைத்தார்கள். அந்த ஒரு மாதமும் அவர் சீட்டு வாங்கிக்கொண்டு ஏறி, போய்ப் போய் வந்தார்.

ஆடைக் கூடத்தில் மூன்று வாரம் பொறுத்துப் பார்த்துவிட்டு அவள் எந்திரத்தை வேறொருத்திக்குக் கொடுத்துவிட்டார்கள். கை சும்மா இருக்க மாட்டாத பிறவி அவள். ஒரு நாள் பக்கத்தில் உட்கார்ந்திருந்த குமாஸ்தாவின் சட்டையில் பொத்தான் நூலில் தொங்குவதைப் பார்த்து, ஊசியை எடுத்துத் தைத்துவிட்டாள். ஆற்றைக் கடக்கப் பதினெட்டு நிமிடம், பொத்தான் தைக்க நாலு நிமிடம். அதிலிருந்து நகரத்துக்கே அவள் பொத்தானக்கா ஆனாள். நேர்முகத் தேர்வுக்குப் போகிறவர்கள், பெண் பார்க்கப் போகிறவர்கள், நீதிமன்றத்துக்குப் போகிறவர்கள் எல்லோரும் மூன்றாவது வரிசைக்கு வந்து கையை நீட்டுவார்கள். காலை ஏழு நாற்பது நடையில் மகளுக்குத் தலை பின்னிவிடுவாள், நாலரை நடையில் வீட்டுப்பாடம் பார்ப்பாள். படகைக் கொட்டகையில் கட்டியபின் நீள இருக்கையில் படுத்துக்கொள்வாள். ஒன்றுவிட்டு ஒரு நாள் அவரும் வந்து எதிர் இருக்கையில் படுப்பார். மற்ற நாளில் வீட்டில் மகளுக்குத் துணை. வீட்டில் உலை வைப்பது எப்படி என்பதை அவர் படகில் வைத்துத்தான் கற்றுக்கொண்டார். மொத்தத்தில் ஒரு குடும்பம் நடந்துகொண்டிருந்தது. சும்மா சொல்லக்கூடாது, அவளைப் பார்க்கிறவர்கள் யாரும் அவளுக்கு ஒரு குறை என்று சொல்ல மாட்டார்கள்.

வருடத்துக்கு ஒருமுறை மட்டும் சங்கடம். பழுதுபார்ப்பதற்காகப் படகைக் கரைமேல் இழுத்து ஏற்றுவார்கள். அந்தப் பத்து நாளும் அவள் நாலு பக்கமும் மண்ணாக இருக்க, தரைக்கு ஆறடி உயரத்தில் படகிலேயே இருப்பாள். ஏணி வைப்பார்கள். கடைசிப் படி வரைக்கும் இறங்குவாள், புல் நுனி பாதத்தில் உரசும், அதற்கடுத்த அடி வைத்தால் படகின் தளம். முதல் வருடம் ஒரு நாளில் முப்பது தரம் இறங்கிப் பார்த்தாள். பிறகு பத்து, பிறகு ஐந்து. ஏழாம் வருடத்தில் ஏணியே வேண்டாம் என்றாள். வருடத்தில் அவள் அழுகிற நாள் அந்தப் பத்து நாள்தான், அதையும் வண்ணம் அடிக்கிறவர்கள் சாப்பிடப் போன நேரமாகப் பார்த்து அழுது முடித்துக்கொள்வாள். தலையெண்ணி கீழே மண்ணில் நின்று கையைப் பிசைந்துகொண்டிருப்பார்.

மகளுக்குப் பதின்மூன்று வயது நடக்கும்போது பொத்தானக்காவின் அப்பா மறு கரை மருத்துவமனையில் இறந்துபோனார். மருத்துவமனைக்கு ஆற்றில் இறங்க ஒரு பழைய படிக்கட்டு உண்டு. சுக்கான்காரர் யாரையும் கேட்காமல் ஆறாம் தடப் படகை அந்தப் பக்கம் திருப்பினார். உடலைத் தூக்கி வந்து கடைசிப் படியில் வைத்தார்கள்; ஆழம் போதாததால் படகு எட்டடிக்கு மேல் நெருங்க முடியவில்லை. எட்டடி தூரத்திலிருந்து அவள் அப்பாவைப் பார்த்தாள். கம்பியைப் பிடித்துக்கொண்டு எட்டின மட்டும் கையை நீட்டினாள், நீட்டிய கையை என்ன செய்வதென்று தெரியாமல் கொஞ்ச நேரம் அப்படியே வைத்திருந்தாள். அன்று பயணிகள் எல்லோரும் இருபத்திரண்டு நிமிடம் தாமதமாக வேலைக்குப் போனார்கள், ஒருவரும் முகம் சுளிக்கவில்லை. ஒரே ஒருவர் மட்டும் புகார் எழுதினார். அது இன்னும் கோப்பில் இருக்கிறது.

அன்று சாயங்காலம் வீட்டில் மகள் புத்தகப் பையை இறக்கிவைத்துவிட்டு, "நீங்க ஒரு தடவ திரும்பிப் பார்த்திருந்தா போதும்" என்றாள். கத்தவில்லை. "பார்க்காம இல்லம்மா. எனக்கு அவளத் தெரியும். தெரிஞ்சதாலதான்..." என்று தலையெண்ணி ஆரம்பித்தார். அவள் அறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். அதற்குப் பிறகு அவரிடம் நேராகப் பேசுவதை நிறுத்திவிட்டாள். வீட்டில் சமையல் நடந்தது, துணி துவைப்பது நடந்தது, பேச்சு நடக்கவில்லை. பேச வேண்டியது எல்லாம் படகில் வந்து அம்மா மூலமாக நடக்கும். கை எட்டும் தூரத்தில் அவர் நின்றுகொண்டிருப்பார், இவள், "நாளைக்குக் கேஸ் சிலிண்டர் வரும்னு அவர்கிட்ட சொல்லிடும்மா" என்பாள். அப்பா என்ற சொல் அவள் வாயிலிருந்து உதிர்ந்தே போயிற்று. அவருக்கு மனைவி கரைக்கு வராதது ஒரு வேதனை என்றால் இது இன்னொரு வேதனை. எது பெரியது என்று கேட்டால் நாளுக்கு ஒன்றைச் சொல்வார். பொத்தானக்கா எத்தனையோ தரம் மகளிடம் சொல்லிப் பார்த்தாள், தப்பு என் குடைமேல்தான் என்று. மகள் காதில் வாங்கவில்லை.

அவள் நன்றாகப் படித்தாள், வங்கி வேலைக்கு எழுதித் தேறவும் செய்தாள். அதை விட்டுவிட்டு இருபதாம் வயதில் ஆறாம் தடப் படகுக்கே மதிய நேரத் தலையெண்ணியாக வந்து சேர்ந்தாள். அம்மாவோடு இருக்கலாம் என்பது ஒரு காரணம். இன்னொரு காரணத்தையும் அவளே சொன்னாள்: "எப்படி எண்ணணும்னு சிலருக்குக் காட்டணும்மா." சொன்னபடியே கண்கொத்திப் பாம்பாக நின்று எண்ணினாள். காலை நடைகள் அவருக்கு, பன்னிரண்டு மணிக்கு மேல் அவளுக்கு. கிளிக்கர்களைக் கை மாற்றும்போது இருவர் விரலும் படும், பேச்சு இருக்காது. பொத்தானக்கா இரண்டு பேரையும் பார்த்தபடி ஊசியில் நூல் கோத்துக்கொண்டிருப்பாள்.

இடையில் தலையெண்ணிக்கு ஒரு யோசனை வந்தது. அவளைக் கரைக்குக் கொண்டுவர முடியாவிட்டால், தான் படகுக்குப் போய்விடலாம் இல்லையா? மகள் வளர்ந்துவிட்டாள், தன் முகத்தைப் பார்க்கவும் அவளுக்குப் பிடிக்கவில்லை. விடுமுறை நாட்களில் சீட்டு வாங்கிப் பயணியாக ஏறி, அன்று தனக்குப் பதிலாக அந்தப் படகில் நின்ற வேறு தடத்துத் தலையெண்ணியிடம் சொல்லிவைத்து, தான் இறங்குவதற்கு முன்னாலேயே விரலை அழுத்தச் சொன்னார். அவர் அழுத்தினார். இவர் கால் வைத்தார், அழகாகக் கரையில் நின்றார். பத்து விடுமுறை நாள், பத்துத் தரமும் கரையிலேயே நின்றார். வேண்டுமென்று செய்வது பிழையாகாது போலிருக்கிறது. ஆறு அதைக் கணக்கில் எடுத்துக்கொள்ளவில்லை. விஷயம் மனைவிக்குத் தெரிந்தபோது கோபம் வந்துவிட்டது. "வீட்ல அவ ஒருத்தியா இருப்பாளேன்னு நினைச்சீங்களா? பேசலைன்னாலும் சோத்துக்கு எதிர்ல ஒரு ஆள் உட்காரணுமா இல்லையா?" என்றாள். அதோடு அந்த முயற்சியை அவர் விட்டுவிட்டார்.

ஐம்பத்தெட்டு முடிந்து அவர் ஓய்வு பெற்றது ஒரு வெள்ளிக்கிழமை. காலை நடைகளை முடித்து, கடைசித் தரமாகக் கிளிக்கர்களை மகள் கையில் கொடுத்துவிட்டு, மறு கரை அலுவலகத்துக்குப் போனார். முப்பத்தைந்து வருடத்தில் ஓர் எண் பிசகாதவர் என்று அதிகாரி பேசினார், எல்லோரும் கைதட்டினார்கள், தலையெண்ணி தரையைப் பார்த்தார். ஒரு சுவர்க் கடிகாரம் பரிசாகக் கொடுத்தார்கள். அதைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒன்று நாற்பது நடைக்குத் துறைக்கு வந்தார். சீருடை இல்லை, சிப்பந்தி இல்லை, வீட்டுக்குப் போகிற ஒரு பயணி. வாசலில் மகள் நின்றாள். அவர் முகத்தை நேராகப் பார்த்து இடது கட்டைவிரலை அழுத்தினாள். பேச்சை நிறுத்திய பதினோரு வருடத்தில் அவள் அவரை அப்படி நிமிர்ந்து பார்த்தது அதுதான் முதல் தரம். போய் மனைவி பக்கத்தில் உட்கார்ந்தார்.

"இனிமே என்ன பண்ணப் போறீங்க?" என்று பொத்தானக்கா கேட்டாள். "தினம் வருவேன். போய்ட்டு போய்ட்டு வருவேன்." "சீட்டு வாங்கணும், ஞாபகம் வச்சுக்குங்க" என்று சிரித்தாள். கடிகாரத்தைப் பிரித்துப் பார்த்து, நாலு நிமிடம் வேகமாக ஓடுகிறதே என்றாள். அவருடைய சட்டையில் மேல் பொத்தான் ஆடிக்கொண்டிருந்தது, அதையும் தைத்துவிட்டாள். பதினெட்டு நிமிடமும் அப்படியே போயிற்று.

வீட்டுக் கரை வந்தது. எண்பத்தேழு பேர் இறங்கினார்கள். மகள் ஒவ்வொரு முகமாகப் பார்த்து அழுத்தினாள். எண்பத்தேழாவதாக ஒரு பெண் குழந்தை வண்டியோடு வந்தாள், வண்டியின் சக்கரம் துறைப் பலகை இடுக்கில் மாட்டிக்கொண்டது. அவளை எண்ணிவிட்டு மகள் குனிந்து சக்கரத்தைத் தூக்கிவிட்டாள். முதுகுக்குப் பின்னால் ஒரு செருமல் கேட்டது, அப்புறம் வாசல் கம்பியில் விரல் முட்டியால் இரண்டு தட்டு. எந்த வாசலைத் தாண்டினாலும் தலையெண்ணி அப்படிச் செருமி இரண்டு தட்டு தட்டிவிட்டுத்தான் தாண்டுவார். வீட்டில் சாத்திய அறைக்குள் இருந்தபடி, அவர் வேலைக்குக் கிளம்புவதையும் திரும்பி வருவதையும் பதினோரு வருடமாக அவள் அந்தச் சத்தத்தில்தான் அறிந்துகொண்டிருந்தாள். அவள் கண் சக்கரத்தில் இருந்தது. வலது கட்டைவிரல் தானாக அழுத்தியது. எண்பத்தெட்டு, எண்பத்தெட்டு. "சரி" என்று குரல் கொடுத்தாள்.

அதே நேரத்தில் பொத்தானக்கா உள்ளேயிருந்து, "ஏங்க, கடிகாரத்த விட்டுட்டுப் போறீங்களே" என்றாள். தலையெண்ணி வைக்கப்போன காலை எடுத்துத் திரும்பிப் போனார். கடிகாரத்தோடு வந்து துறைப் பலகையில் கால் வைத்தார். வைத்த கால் படகில் இருந்தது. அவர் இரண்டாம் தரம் வைத்துப் பார்க்கவில்லை. இதைப் பற்றித் தெரிய வேண்டியது எல்லாம் அவருக்குத் தெரியும்.

மகள் நிமிர்ந்து பார்த்தாள். கையிலிருந்த எண்களைப் பார்த்தாள், அவர் காலைப் பார்த்தாள். கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. "அப்பா" என்றாள். "நான் பார்க்காம இல்லப்பா. சத்தம் கேட்டுது. அது நீங்கதான்னு எனக்குத் தெரியும். தெரிஞ்சதால..." கடிகாரத்தை அணைத்துப் பிடித்தபடி, "தெரியும்மா" என்றார் அவர். ஐம்பத்தெட்டு வயது மனிதர், படகு வாசலில், பயணிகள் பார்க்க அழுதார். மூன்றாவது வரிசையில் பொத்தானக்கா எழுந்து நின்றிருந்தாள். ஆசைப்பட்ட ஒன்று கிடைத்த முகமா, பயந்த ஒன்று நடந்த முகமா என்று அவளைப் பார்த்தவர்களால் சொல்ல முடியவில்லை. "அவ தனியா இருப்பாளேங்க" என்று மட்டும் சொன்னாள். கரையில் அடுத்த நடைக்கு எழுபது பேர் நின்றார்கள், "சரி" சொல்லியாகிவிட்டது. மகள் கண்ணைத் துடைத்துக்கொண்டு கிளிக்கர்களைப் பூஜ்யத்துக்குக் கொண்டுவந்தாள்.

இப்போது மூன்றாவது வரிசையில் இரண்டு இடத்தில் யாரும் கைக்குட்டை போடுவதில்லை. கடிகாரம் பக்கத்துக் கம்பியில் தொங்குகிறது, இன்னும் நாலு நிமிடம் வேகம்தான். ஆறாம் தடத்துப் பயணிகள் அதைப் பார்த்துத்தான் தங்கள் கடிகாரத்தைத் திருத்திக்கொள்கிறார்கள். தலையெண்ணி இப்போது மனைவிக்கு ஊசியில் நூல் கோத்துக் கொடுக்கிறார். மகள் இறங்குகிற ஒவ்வொருவரையும் முகத்தைப் பார்த்து, தோளைத் தொட்டு எண்ணுகிறாள். அதனால் ஆறாம் தடம் ஒவ்வொரு நடைக்கும் மூன்று நிமிடம் தாமதம். அலுவலகமும் அதைச் சேர்த்துக்கொண்டு புது நேர அட்டவணை அச்சடித்து ஒட்டிவிட்டது. மூவரும் பகல் மூன்று மணி நடையில் ஒரே தூக்குவாளியிலிருந்து சாப்பிடுகிறார்கள், பேச்சுக்குக் குறைவில்லை. சிப்பந்திகள் எண்ணிக்கையில் சேராததால், வேலை முடிந்ததும் கரையில் கால் வைப்பதில் மகளுக்கு ஒரு சிரமமும் இருந்ததில்லை. ஒரு காலைத் துறைப் பலகையில் வைத்துவிட்டு, மற்றது படகில் இருக்க, தினமும் கொஞ்ச நேரம் நிற்பாள். பிறகு அதையும் எடுத்து வைத்து வீட்டுக்குப் போவாள்.